அளுதும் அளலாவும்: இருதலைத் தசை சொல்லும் அறிவு வரலாறு

மனித உடலின் உறுப்புகளுள் தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதியை அரபியர் ‘அளுத்’ என்பர். வலிமைக்கும் துணைக்கும் ஆகுபெயராக இச்சொல் திருக்குர்ஆனில் ஆளப்பட்டுள்ளது. ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள், தம் உடன்பிறந்தாரைத் துணையாக வேண்டியபோது, அவரைக் கொண்டு அவர்தம் புயத்தை உறுதிப்படுத்துவதாக அல்லாஹ் வாக்களித்ததை அல்கஸஸ் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் எடுத்துரைக்கின்றது. வழிகெடுப்போரைத் தன் துணையாகக் கொள்வதில்லை என அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 51ஆம் வசனம் கூறுமிடத்தும் இதே சொல்லே வந்துள்ளது. புயத்திற்குரிய சொல் துணைவனுக்குரிய சொல்லாகவும் ஆனமைக்குக் காரணம், அப்புயத்தின் முன்புறத்தே திரண்டு நிற்கும் தசையாக இருக்கலாம்.

அத்தசையை இன்றைய அரபு மருத்துவ நூல்கள் ‘அல்அளலா தாத்துர் ரஃஸைன்’, அதாவது ‘இரு தலைகளையுடைய தசை’ என்று அழைக்கின்றன. இலத்தீனில் ‘பைசெப்ஸ்’ என்பதற்கும், நம் பாடநூல்கள் வழங்கும் ‘இருதலைத் தசை’ என்பதற்கும் பொருள் இதுவே. இவ்வொரு தசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது கிரேக்க நூல்களினின்று அரபு நூல்களுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவிற்கும் சென்ற வரலாற்றை நோக்குமிடத்து, முஸ்லிம் அறிஞர்தம் உடற்கூறியல் பணியின் உண்மையான அளவு நமக்குப் புலனாகும். அவ்வளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாராய்ச்சி

‘அளலா’ எனும் சொல்லின் வேர் ‘அைன், ளாத், லாம்’ என்பதாகும். இறுகுதல், தடுத்தல், கடினமாதல் ஆகிய பொருள்கள் இவ்வேரிலிருந்து கிளைக்கின்றன. பெண்களைத் திருமணம் புரியவிடாது தடுப்பதை விலக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனத்தில் இவ்வேரினின்று பிறந்த வினையே ஆளப்பட்டுள்ளது. மருத்துவர்களைக் களைப்புறச் செய்யும் தீராப் பிணியை ‘தாஉன் உளால்’ என்பர். விடுவிக்கவியலாச் சிக்கல் ‘முஃளிலா’ எனப்படும். ஹதீஸ் கலை பயின்றோர் ‘முஃளல்’ எனும் கலைச்சொல்லை நன்கறிவர்; தொடரில் அடுத்தடுத்து இரு அறிவிப்பாளர்கள் விடுபட்ட செய்தியே அது. இறுகித் திரண்ட சதைக்கு ‘அளலா’ எனப் பெயர் வந்தமை இவ்வாறு இயல்பாகவே விளங்குகின்றது.

இங்கு வேறொரு வியப்பும் உண்டு. இலத்தீன் மொழியில் தசையைக் குறிக்கும் ‘மஸ்குலஸ்’ எனும் சொல்லின் நேர்ப்பொருள் ‘சுண்டெலி’ என்பதாகும். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ‘மூஸ்’ எனும் ஒரே சொல்தான். அரபு அகராதிகளோ ‘அளல்’ என்பதற்கு எலி வகையொன்றைப் பொருளாகக் குறித்துள்ளன. கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுவது போன்ற தோற்றம் உண்டாவதால் பிற மொழியாளர் அப்பெயரிட்டனர் என்பர். அரபியிலும் அவ்விரு சொற்களும் ஒன்றையொன்று ஒத்து நிற்பது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் மொழி பயில்வோர் மனத்தில் இருத்தத்தக்கது.

தசையின் அமைப்பும் பணியும்

வரலாற்றை அளந்தறிய, இன்று நாம் அறிந்துள்ள உண்மையை முதலில் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். இத்தசையின் இரு தலைகளும் தோள்பட்டை எலும்பிலிருந்தே தோன்றுகின்றன. குறுந்தலை, காக்கையின் அலகு போல் வளைந்து முன்னோக்கி நீண்டிருக்கும் முனையிலிருந்து எழுகின்றது. நெடுந்தலையோ, தோள் மூட்டுக் குழியின் மேல் விளிம்பில் தோன்றி, மூட்டின் உள்ளேயே சென்று, மேற்கை எலும்பின் முன்புறத்துள்ள பள்ளத்தின் வழியே கீழிறங்குகின்றது. இரண்டும் நடுப்புயத்தில் ஒன்றுகூடிப் பருத்து, முழங்கையைக் கடந்து, முன்கையின் இரு எலும்புகளுள் கட்டைவிரல் பக்கத்ததான ஆர எலும்பில் நாணாக முடிகின்றன. அந்நாணிலிருந்து விரிந்து பிரியும் தகடு போன்ற நார்ப்படலம் ஒன்று முன்கையின் உட்புறத் தசைகளின் மேல் பரவுகின்றது.

மேற்கை எலும்பில் இத்தசைக்குத் தோற்றமும் இல்லை, முடிவும் இல்லை. அதன்மேல் கிடந்தவாறே தோள், முழங்கை ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்கின்றது. இதன் பணிகளுள் முதன்மையானவை இரண்டு. முழங்கையை மடக்குதல் ஒன்று. கவிழ்ந்த உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புதல் மற்றொன்று. மடக்கும் பணியில் இதன் அடியில் கிடக்கும் மேற்கைத் தசைக்கே பெரும்பங்கு உண்டு. உள்ளங்கையைத் திருப்பும் பணியிலோ, முழங்கை மடங்கியிருக்கும் நிலையில் இருதலைத் தசையே மிக வலிமை வாய்ந்தது. முழங்கைகளை மடக்கி, உள்ளங்கைகளை வானை நோக்கித் திருப்பி நாம் துஆச் செய்யும்போது இவ்விரு பணிகளும் ஒருங்கே நிகழ்கின்றன. இதனை நினைவிற்கொள்க, பின்னர் இதன் பயன் விளங்கும்.

கிரேக்கத்திலிருந்து அரபுக்கு

இத்தசையை முறையாக விளக்கியோருள் தலையாயவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ஜாலீனூஸ் எனும் கேலன் ஆவார். உறுப்புகளின் பயன்களைக் கூறும் அவரது நூல் பதினேழு பகுதிகளைக் கொண்டது. அது கையிலிருந்தே தொடங்குகின்றது. தசைகளின் இயக்கம் பற்றித் தனி நூலும், கூறாய்வுச் செயல்முறைகள் பற்றிப் பதினைந்து பகுதிகளாலான பெருநூலும் அவர் இயற்றினார்.

இந்நூல்களை அரபுலகிற்கு வழங்கிய பெருமை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு கி.பி. 873) என்பாரையும், அவர்தம் மருகர் ஹுபைஷ் முதலிய குழுவினரையும் சாரும். ஹுனைன் கிறித்தவர், அவரை ஆதரித்தோர் பக்தாதின் கலீஃபாக்களும் செல்வர்களும் ஆவர். கேலனின் 129 நூல்களைப் பட்டியலிட்டு, எது எவரால் எம்மொழியில் பெயர்க்கப்பட்டது என அவர் எழுதிய மடல் இன்றும் கிடைக்கின்றது. பிரதிகள் பலவற்றைத் திரட்டி, ஒப்புநோக்கிப் பாடத்தைத் திருத்திய பின்னரே பெயர்க்கும் வழக்கம் அவருடையது. ஹதீஸ் பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நம் முன்னோரின் ‘முகாபலா’ முறையை இது நினைவூட்டும்.

கேலனின் கூறாய்வுச் செயல்முறை நூலில் ஒன்பதாம் பகுதியின் தொடக்கம் வரையே கிரேக்க மூலம் எஞ்சியது. எஞ்சிய பகுதிகள் அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே உயிர்வாழ்ந்தன. 1906இல் மாக்ஸ் சைமன் அவ்வரபுப் பாடத்தை ஜெர்மன் பெயர்ப்புடன் வெளியிட்ட பின்னரே ஐரோப்பிய அறிஞர்கள் அவற்றைப் பரவலாகப் பயில முடிந்தது. பாதுகாத்தல் எளிய பணியன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

‘அரசின் புய’த்திற்குக் காணிக்கையான நூல்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அலீ இப்னுல் அப்பாஸ் அல்மஜூஸி, ‘காமிலுஸ் ஸினாஅத்தித் திப்பிய்யா’ எனும் மருத்துவக் களஞ்சியத்தை யாத்தார். பத்துப் பகுதிகள் கோட்பாடு பற்றியும், பத்துப் பகுதிகள் செயல்முறை பற்றியும் அமைந்த இந்நூலின் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் உடற்கூறியலுக்கு உரியவை. புவைஹ் மரபின் மன்னர் அளுதுத் தவ்லாவிற்கு (மறைவு கி.பி. 983) காணிக்கையாக்கப்பட்டதால் ‘அல்கிதாபுல் மலிகீ’ எனவும் இது வழங்கிற்று. அம்மன்னரின் பட்டப்பெயருக்குப் பொருள் ‘அரசின் புயம்’ என்பதாகும்! பக்தாதில் அவர் நிறுவிய மருத்துவமனை ‘அல்பீமாரிஸ்தானுல் அளுதீ’ எனப் பல நூற்றாண்டுகள் புகழுடன் விளங்கிற்று. புயத்தின் பெயர் தாங்கிய மன்னருக்குப் புயத்தின் கூறுகளையும் விளக்கும் நூல் படைக்கப்பட்டமை வரலாற்றின் இனிய பொருத்தமாகும். 1127ஆம் ஆண்டளவில் அந்தாக்கியாவின் ஸ்டீபன் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார்.

இப்னு ஸீனாவின் விளக்கம்

அஷ்ஷைகுர் ரஈஸ் இப்னு ஸீனா (கி.பி. 980–1037) அவர்களின் ‘அல்கானூன்’ தசைகளுக்கெனத் தனிப்பகுதியை ஒதுக்கி, உடலின் தசைகள் 529 எனத் தொகுத்துரைக்கின்றது. முன்கையை மடக்கும் தசைகள் ஓர் இணை என்பது அவர் கூற்று. அவற்றுள் பெரியது இரு தோற்றங்களை உடையது. அவற்றுள் ஒன்று தோள்பட்டையின் ‘மின்கார்’ எனப்படும் அலகு முனை. ஒவ்வொரு தோற்றத்திற்கும் ஒரு தலை உண்டு. அதன் நாண் முன்கையின் ‘மேல் ஸன்த்’ எனும் எலும்பில் சென்று சேர்கின்றது. மடக்கும்போது கையைச் சற்று உட்புறமாகச் சாய்க்கின்றது. இணையின் மற்றொன்று புய எலும்பிலேயே தோன்றி ‘கீழ் ஸன்த்’ எலும்பில் சேர்ந்து, சற்று வெளிப்புறமாகச் சாய்க்கின்றது. இரண்டும் ஒருங்கே இயங்கினால் கை நேராக மடங்கும் என்பது இவ்விளக்கத்தின் சாரம்.

இன்றைய மாணவர் எவரும் இதனைப் படித்தவுடன் இருதலைத் தசையையும், அதன் அடியிலுள்ள மேற்கைத் தசையையும் அடையாளங் காண்பர். ‘மேல் ஸன்த்’ என்பது ஆர எலும்பே. இரு தலை, அலகு முனை, நாண் சேருமிடம் ஆகிய மூன்றும் சரியே. ஆனால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பணியை அவர் முன்கையில் கிடக்கும் வேறு தசைகளுக்கே உரியதாக்கினார். இருதலைத் தசைக்கு அதிலுள்ள பங்கு கேலனிடமும் இல்லை. அவரைப் பின்பற்றிய அரபு நூல்களிலும் இல்லை.

மருத்துவரிடமிருந்து இமாமிடம்

தசைகள் 529 எனும் இவ்வெண் மருத்துவர்தம் அவைக்குள் அடங்கிவிடவில்லை. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் சிந்தனை பற்றிய பகுதியில், மனிதப் படைப்பை எண்ணிப் பார்க்கத் தூண்டுமிடத்து இதே எண்ணைக் குறிப்பிடுகின்றார்கள். தசையானது சதை, நரம்பு, நார், உறை ஆகியவற்றாலானது எனும் மருத்துவர் கூற்றையும் எடுத்தாளுகின்றார்கள். ‘அல்முன்கித்’ நூலிலோ, உடற்கூறியலை ஆய்ந்த இயற்கை அறிஞர்கள், ஞானமிக்க படைப்பாளன் ஒருவனை ஏற்காதிருக்க இயலவில்லை எனக் கூறுகின்றார்கள். மெய்யியலாரின் சில கோட்பாடுகளைக் கடுமையாக மறுத்த அதே இமாம், அவர்தம் உடற்கூறியலைத் தயக்கமின்றி ஏற்றமை கருதத்தக்கது. இஹ்யாவை ஓதிக்கொடுக்கும் நம் மதரஸாக்களில் இப்பக்கங்களை விரைந்து கடந்துவிடும் வழக்கம் மாறுதல் வேண்டும்.

இன்று உடலின் தசைகள் அறுநூறுக்கும் மேற்பட்டவை எனக் கணக்கிடப்படுகின்றன. இதனால் இமாமின் நோக்கத்திற்கு எக்குறையும் நேர்வதில்லை. எண் மருத்துவரிடமிருந்து வந்தது, சிந்தனை இமாமுடையது.

குருதி வடித்தலும் ஒரு நன்றிச் சொல்லும்

இத்தசை பற்றிய அறிவு ஏட்டளவில் நின்றதன்று. அக்காலத்தில் ‘ஃபஸ்து’ எனும் குருதி வடித்தல் பெரும்பாலும் முழங்கையின் முன்மடிப்பிலேயே செய்யப்பட்டது. அங்குள்ள நாளங்கள் மூன்று: வெளிப்புறத்து ‘கீஃபால்’, உட்புறத்து ‘பாஸிலீக்’, நடுவிலுள்ள ‘அக்ஹல்’. முன்னிரண்டும் ‘செபாலிக்’, ‘பேசிலிக்’ என இன்றும் உலக மருத்துவ நூல்களில் வழங்குகின்றன. அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றது ‘அக்ஹல்’ நாளத்தில்தான் என்பதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்குப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்தார்கள். அக்காயம் திறந்தே அவர்கள் ஷஹீதானார்கள்.

பாஸிலீக் நாளத்தைத் திறப்போர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும் என இப்னு ஸீனாவும், அந்தலுஸின் அறுவை மருத்துவர் அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவியும் எச்சரித்தனர். அதன் அடியில் தமனி ஓடுவதே காரணம். கத்தி தவறி அதில் பட்டால் நோயாளி உயிரிழக்கலாம். முழங்கை மடிப்பின் நடுவிலோ, மேலோட்டமான நாளத்திற்கும் ஆழத்திலுள்ள தமனிக்கும் இடையே ஒரு திரை உள்ளது. இருதலைத் தசையின் நாணிலிருந்து பிரியும் நார்ப்படலமே அது. கத்தி ஆழமாகச் சென்றாலும் தமனியைக் காத்த இப்படலத்திற்கு, ஐரோப்பாவின் குருதி வடிப்போர் ‘இறைவனுக்கு நன்றி’ எனப் பொருள்படும் பெயரிட்டு அழைத்தனர். எம்மதத்தவராயினும், பிழைத்த நோயாளியின் முன் மருத்துவனின் நாவில் எழும் சொல் ஒன்றே போலும்!

காணாதது எதனால்?

இத்துணை நுட்பமாக நோக்கியோர், கையைத் திருப்பும் பணியை ஏன் காணவில்லை? விடை, உடலைக் கூறுசெய்து நேரில் நோக்கும் வாய்ப்பில் உள்ளது. கேலனே பெரும்பாலும் குரங்கு முதலிய விலங்குகளைத்தான் கூறாய்ந்தார். முஸ்லிம் மருத்துவர் பெரும்பாலும் அவர் நூலையே கண்ணாகக் கொண்டனர். இறந்தாரின் எலும்பை முறிப்பது உயிருள்ளாரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் எனும் கருத்தமைந்த ஹதீஸ், உடலின் கண்ணியத்தைப் பேணக் கற்பித்தது. இருதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியே இரத்தம் இடப்புறம் செல்வதை முதன்முதலில் எடுத்துரைத்த இப்னுன் நஃபீஸ் (மறைவு கி.பி. 1288) அவர்களே, ஷரீஅத்தும் தம் இயல்பான இரக்கமும் தம்மைக் கூறாய்விலிருந்து தடுத்தன என எழுதியுள்ளார்கள்.

எனினும், கண்ணால் காணும் வாய்ப்பு நேர்ந்தபோது அதனைப் பயன்படுத்தியோரும் உண்டு. அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ (கி.பி. 1162–1231), எகிப்தில் 1200 முதல் 1202 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புக் குவியல்களைச் சென்று ஆராய்ந்தார்கள். கீழ்த்தாடை இரு எலும்புகளாலானது எனக் கேலன் கூறியிருக்க, இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மண்டையோடுகளை நோக்கி, அது ஒரே எலும்பு என நிறுவினார்கள். கேலனின் பெருமையை மறுக்காமலே, புலன்களின் சான்று அவரினும் நம்பத்தக்கது என்றார்கள். எலும்புகள் பஞ்சத்திலும் எஞ்சின, தசைகள் எஞ்சுவதில்லை. எனவே இருதலைத் தசைக்கு ஓர் அப்துல் லத்தீஃப் வாய்க்கவில்லை.

அவ்வாய்ப்பு இத்தாலியில் லியோனார்டோ டா வின்சிக்கு வாய்த்தது. 1505க்கும் 1510க்கும் இடையே அவர் வரைந்த படங்களும் குறிப்புகளும், இத்தசை முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையையும் திருப்புவதைக் காட்டின. அவை அச்சேறாமையால் எவருக்கும் பயன்படவில்லை. 1543இல் வெஸாலியஸ் தம் பெருநூலை வெளியிட்டு உடற்கூறியலைப் புதுநிலைக்கு உயர்த்தினார். அவர் 1538இல் வெளியிட்ட படங்களில் உறுப்புகளின் அரபுப் பெயர்களும் இடம்பெற்றிருந்தன. 1713இல் இங்கிலாந்தின் வில்லியம் செசெல்டன் கையைத் திருப்பும் பணியை மீண்டும் கண்டு பதிவு செய்தார். 1867இல் பிரான்சின் டுஷேன் அதனை விரிவாக விளக்கினார்.

இரு மிகைகள்

இவ்வரலாற்றின் முன் இரு மிகைகள் தகர்கின்றன. அரபியர் வெறும் அஞ்சற்காரர். கிரேக்கரின் மடலை ஐரோப்பியரிடம் சேர்த்ததே அவர்தம் பணி என்பது ஒன்று. பிரதிகளைச் சரிபார்த்து, கலைச்சொற்களைப் படைத்து, சிதறிக்கிடந்ததை ஒழுங்குபடுத்தி, மருத்துவமனைகளில் பயன்படுத்தி, தக்கவிடத்து மறுத்தும் எழுதியோரை அஞ்சற்காரர் என்பது நீதியன்று. கிரெமோனாவின் ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்த ‘கானூன்’ பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிருந்தது. 1593இல் அதன் அரபு மூலமே ரோமில் அச்சாயிற்று.

எல்லாவற்றையும் நம்மவரே முதலில் கண்டறிந்தனர் என்பது மற்றொரு மிகை. நம் மேடைகளிலும் சிற்றேடுகளிலும் இதுவே மிகுதி. இருதலைத் தசையின் இரண்டாம் பணியை நம் பேரறிஞர்கள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் நாள்தோறும் துஆவிற்கென உயர்த்திய கைகளிலேயே அப்பணி நிகழ்ந்துகொண்டிருந்தது, எனினும் அறிந்திருக்கவில்லை. இதனைக் கூறுவது அவர்களை இழிவுபடுத்துவதன்று. அறிவிப்பாளர் எத்துணைச் சிறந்தவராயினும், அவர் நேரில் கேளாததைக் கேட்டதாகச் சொல்ல ஹதீஸ் கலை நம்மை அனுமதிப்பதில்லை. அக்கலையின் வாரிசுகளாகிய நாம், மருத்துவ வரலாற்றில் மட்டும் அவ்வொழுங்கைக் கைவிடலாமா?

அஸ்ஹரின் மாணவர்கள்

1827இல் எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலீ, பிரெஞ்சு மருத்துவர் கிளோ பேயைக் கொண்டு அபூ ஸஅபலில் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். அதன் முதல் மாணவர்கள் பெரும்பாலும் அல்அஸ்ஹரில் பயின்றோரே. கூறாய்வு கூடுமோ எனும் ஐயம் எழுந்தது. உலமாக்களுடன் பேசி, படிப்படியே அதற்கு வழி காணப்பட்டது. ஆசிரியர்கள் பிரெஞ்சில் கூற, மொழிபெயர்ப்பாளர் அரபியில் சொல்ல, அஸ்ஹரின் ஷைகுமார்கள் நடையைத் திருத்தினர். 1832இல் பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்ட உடற்கூறியல் நூல் அரபியில் அச்சாயிற்று. அத்திருத்துநர்கள் இப்னு ஸீனாவின் பழஞ்சொற்களைத் தேடியெடுத்துப் புதிய அறிவிற்கு ஆடையாக்கினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் ஹுனைன் குழுவினர் செய்த பணியே நைல் நதிக்கரையில் மீண்டும் நிகழ்ந்தது.

மொழியறிந்தோரும் உடலறிந்தோரும் ஒரே மேசையில் அமர்ந்த இவ்விரு காலங்களிலும் அரபு மருத்துவம் வளர்ந்தது. இன்று நம் அரபுக் கல்லூரிகளில் மொழியறிந்தோர் உளர். நம் மருத்துவக் கல்லூரிகளில் உடலறிந்த முஸ்லிம் இளைஞர்களும் உளர். கானூனின் ஒரு பக்கத்தையேனும் இவ்விருவரும் கூடியமர்ந்து படித்தால், முன்னோர் எதனைக் கண்டனர், எதனைக் காணவில்லை என்பதை நாமே அளந்தறியலாம். சகோதரனைக் கொண்டு புயம் வலுப்பெறும் என்பது இறைவன் மூஸா (அலை) அவர்களுக்கு அளித்த வாக்கு. அறிவுத்துறையிலும் ஒருவர்க்கொருவர் ‘அளுத்’ ஆகுமாறு வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!